இரண்டு சால் வெள்ளி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஆர்லின் சீமெக்கின் வீட்டு முற்றத்தில் ஏழு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. போன நான்கு வருடத்தில் அந்த முற்றத்தில் இத்தனை வண்டி சேர்ந்து நின்றது ஒரே ஒரு நாள்தான், அவர் மனைவி டெலோரசை அடக்கம் பண்ணிவிட்டு வந்த நாள். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள், இவர்தான் பேசவில்லை. இன்றைக்குப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று, எழுபத்துநாலு வயசு மனுஷன் விடிகாலை நாலு மணிக்கே எழுந்து, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

அடுப்பில் ஒரு பெரிய பானை சில்லி கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டுக்கறி, பீன்ஸ், தக்காளி எல்லாம் டெலோரஸ் போடுகிற அளவுதான். கூடவே இரண்டு தட்டு நிறையப் பட்டைப்பொடி தூவிச் சுருட்டிய இனிப்பு ரொட்டி. நெப்ராஸ்காவில் அந்த ரொட்டி இல்லாமல் சில்லி வைத்தால் விருந்தாளி பானையைத் தூக்கிப் பார்ப்பான், ரொட்டி அடியில் ஒளிந்திருக்கிறதா என்று. பதினொரு பேர் வருகிறோம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். சர்ச்சிலிருந்து மடக்கு நாற்காலி இரவல் வாங்கி, தன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு கிண்ணம் மேஜையில் வைத்திருந்தார்.

யார் இந்தப் பதினொரு பேர்? சொந்தமா, பந்தமா? ஒன்றும் கிடையாது. ப்ளம் கிரீக் மெட்டல் டிடெக்டர் கிளப்காரர்கள். பழைய மனைகளைத் தேடிப்போய், கையில் கருவியை வைத்துக்கொண்டு தரையைத் துழாவி, மண்ணுக்குள் கிடக்கிற பழைய காசு, பித்தான், லாடம் எல்லாவற்றையும் கிளறி எடுப்பவர்கள். சீமெக்கின் தாத்தா முதன்முதலில் குடியேறி வீடு கட்டிய மனை, இப்போதைய வீட்டுக்குக் கிழக்கே கால் மைல் தள்ளிக் கிடந்தது. 1931-இல் வீட்டைக் காலி பண்ணியதோடு சரி. இன்றைக்கு அங்கே அடித்தளக் கல்லும், மூடிய கிணறும், ஒரு லைலாக் பூப்புதரும்தான் மிச்சம்.

'பழைய மனை இருந்தால் கூப்பிடுங்கள்' என்று தானியக் கிடங்கு அலுவலகச் சுவரில் அவர்கள் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டைப் பிப்ரவரியில் ஆர்லின் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் போன் போட்டுவிட்டார். அவர் வாழ்க்கை அப்படி ஆகியிருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற பக்கத்துப் பண்ணைப் பையனின் டிராக்டர் தானாகவே ஓடும், தானாகவே திரும்பும். அவன் உள்ளே உட்கார்ந்தபடி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவான். மகள் அரிசோனாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். குளிர் எப்படி, மாத்திரை போட்டியா, இந்த இரண்டு கேள்விதான். வரவர ரேடியோவில் சோள விலை சொல்கிறவனுக்கு இவர் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒருநாள் அவனைத் திட்டியும் விட்டார். திட்டி முடித்ததும் அவருக்கே பயமாகிவிட்டது.

போனில் பேசியவன் கிளப்பின் தலைவன் பாய்டு ராடமேக்கர். மின்கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவன். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னான்.

"மொத தடவ சும்மா வந்து பாப்போம், மிஸ்டர் சீமெக். மண்ணு ஏதாச்சும் குடுத்துச்சுன்னா மாசம் ரெண்டு தடவ, உறைபனி விழற வரைக்கும் வருவோம். ஒண்ணும் குடுக்கலன்னா அதோட சரி. பெட்ரோல் விக்கிற வெலைக்கு ஆசைக்கெல்லாம் சுத்த முடியுமா?"

மண்ணு குடுக்கணும். அந்த வார்த்தை ஆர்லினின் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மண் கொடுக்காவிட்டால்?

அதனால் மார்ச் மாதக் கடைசியில் மனுஷன் ஒரு காரியம் செய்தார். அவருக்குக் கல்யாணம் ஆகும்வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா ஒரு வெள்ளி டாலர் கொடுத்திருந்தார். மொத்தம் இருபத்துநாலு. சுருட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அந்தக் காசுகளை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றிலும் வருஷம் பார்த்தார். 1931-க்குப் பிந்தியது ஒன்றுகூட இல்லை. 'ஆஹா, யாருக்கும் சந்தேகம் வராது' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். லைலாக் புதருக்கும் கிணற்றுக்கும் நடுவே, பேனாக்கத்தியால் புல்லைக் கீறித் தூக்கி, காசை வைத்து, குதிகாலால் மிதித்து மூடினார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அப்புறம் இரண்டு மழை பெய்து மண்ணும் படிந்துவிட்டது.

இப்போது ஏப்ரல். பதினொரு பேரும் பழைய மனையில் இறங்கிவிட்டார்கள்.

"எல்லாரும் கேளுங்க!" என்று பாய்டு கையைத் தட்டினான். "தோண்டுற குழியெல்லாம் மூடணும். கேட்டைத் தொறந்தா சாத்தணும். சத்தம் கேக்குற எடத்துல மொதல்ல கொடியக் குத்து, அப்புறம் தோண்டு. சாயங்காலம் ஒவ்வொரு கொடியா வந்து நான் குழியப் பாப்பேன். மார்வ், உனக்குத்தான் சொல்றேன்."

"போன தடவ ஒரே ஒரு குழிய மூடாம விட்டேன்யா," என்றான் மார்வ். குழாய் ரிப்பேர் பார்க்கிறவன், வாய் சும்மா இருக்காது.

"அதுல உளுந்தது நானு."

"அதான் நல்லா மூடுச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்லினும் சிரித்தார். வாயெல்லாம் பல்லாக நின்றார், பாவம். அடுத்த நிமிஷமே பதினொரு பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, திசைக்கு ஒருவராகப் பிரிந்துபோய்விட்டார்கள்.

இதை ஆர்லின் எதிர்பார்க்கவே இல்லை. கூட்டமாக வருகிறார்கள் என்றால் கூட்டமாக இருப்பார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இவர்களோ ஒருவருக்கொருவர் இருபதடி இடம் விட்டு, கருவியை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்ற நினைப்பே இல்லாமல் நடந்தார்கள். அவர் மார்வுக்குப் பின்னால் போனார்.

"அந்த எடத்துலதான் கோழிக்கூடு இருந்துச்சு. எங்க பாட்டன் ஒரு தடவ..."

மார்வ் ஒரு காதை மட்டும் விடுவித்தான். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. கோழிக்கூடுன்னு..."

"ஓ, சரி சரி," என்று மறுபடி மாட்டிக்கொண்டான்.

மரியாதை இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. எல்லாரும் தலையாட்டினார்கள், எல்லாரும் நன்றி சொன்னார்கள். அப்புறம் காதை மூடிக்கொண்டார்கள். ஆர்லின் கிணற்று மூடியின் மேல் உட்கார்ந்து பதினொரு முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருக்கும்போதுகூட அவருக்கு அத்தனை தனிமையாக இருந்ததில்லை.

நண்பகல் வரைக்கும் கிடைத்தது துருப்பிடித்த ஆணி, குதிரைச் சேணத்துக் கொக்கி ஒன்று, சோடா டப்பா மூடி ஒரு குவியல். எல்லாரும் வடக்குப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆர்லின் எழுந்து குரல் கொடுத்தார். "வாங்க, வாங்க, சாப்பாடு தயாரா இருக்கு. வீட்டுக்குப் போலாம்."

பாய்டு தன் பூட்சைத் தூக்கிக் காட்டினான். அடியில் அரைச்சாண் சேறு. "இதோட உங்க வீட்டுக்குள்ள வந்தா உங்க தரை என்ன ஆகும்? எங்களுக்குப் பழக்கந்தான், ஆளாளுக்கு சாண்ட்விச் கொண்டாந்திருக்கோம். நீங்க எதுக்குச் செரமப்படறீங்க?"

"செரமம் ஒண்ணுமில்லயே. எல்லாம் செஞ்சு..."

"ஐயோ, வேணாங்க. வண்டியிலயே உக்காந்து சாப்பிட்டுக்கறோம்."

வண்டியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். ட்வைலா என்ற பெண் மட்டும் கழிவறைக்காக வீட்டுக்கு வந்தாள். அறுபது வயதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பூட்சை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தவள், திரும்பிப் போகும்போது சாப்பாட்டு மேஜையைப் பார்த்துவிட்டாள். பன்னிரண்டு கிண்ணம், பன்னிரண்டு ஸ்பூன், மடித்து வைத்த பன்னிரண்டு காகிதக் கைத்துடைப்பான்.

"ஒரு கிண்ணம் குடுங்க, ஆர்லின். எடுத்துட்டுப் போய் சாப்பிட்டுட்டு, கழுவிக் கொண்டாறேன்."

"இங்கயே உக்காந்து சாப்பிடலாமே?"

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். மற்றவர்கள் அதற்குள் கருவிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். "அவங்க கெளம்பிட்டாங்க," என்று சங்கடமாகச் சொல்லிவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மனையில் பாய்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான். "எவனோ நமக்கு முன்னாடியே வந்து வழிச்சிட்டுப் போயிருக்கான்யா. இன்னும் ஒரு மணி நேரம் பாப்போம். அப்புறம் மூட்டையக் கட்டுவோம்."

ஆர்லின் எழுந்து அவன் பக்கத்தில் வந்தார். "அந்த லைலாக் பக்கம் பாத்தீங்களா?" என்றார், எதேச்சையாகச் சொல்வதுபோல. குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மார்வ் தொண்டை கிழியக் கத்தினான். "வெள்ளி! யோவ், வெள்ளி! ஒரு டாலர்!"

பதினொரு ஹெட்போனும் கழன்றன. எல்லாரும் ஓடிவந்தார்கள், ஒருவரையொருவர் தோளில் அடித்தார்கள், காசு கைமாறிக் கைமாறிப் போனது. பாய்டு ஆர்லினின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "யாரு இருந்தாங்க இங்க? சொல்லுங்க, சொல்லுங்க." அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஆர்லினுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. தாத்தாவின் கோழிக்கூட்டையும், 1931-இல் கிளம்பிய கதையையும் ஆரம்பித்தார். நாலு வாக்கியம்தான் சொல்லியிருப்பார்.

"எனக்கும் ஒண்ணு!" என்று புதர் ஓரத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

கதை நடுவழியில் நின்றது. எல்லாரும் ஓடினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் ஒரே அமர்க்களம்தான். நிமிஷத்துக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு கூச்சல். ஆனாலும் ஆர்லினுக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது. மண் கொடுத்துவிட்டதே! இனி உறைபனி விழும்வரை மாசம் இரண்டு தடவை. ஏதோ ஒரு தடவையாவது சேறில்லாத நாளாக இருக்காதா?

மூன்று மணி வாக்கில், கிளப் செய்தித்தாளுக்குப் படம் எடுக்கலாம் என்று பாய்டு பின்னால் பின்னாலாக நடந்து போய் போனைத் தூக்கிப் பிடித்தான். பிடித்தவன் படம் எடுக்கவில்லை. போனை இறக்கினான். மறுபடி தூக்கிப் பார்த்தான்.

"மார்வ். இங்க வா."

மார்வ் போனான். பிறகு ஒவ்வொருவராகப் போய் அவன் பக்கத்தில் நின்றார்கள். பச்சைப் புல்லில் இருபத்துநாலு ஆரஞ்சுக் கொடிகள், நூல் பிடித்த மாதிரி இரண்டு நேர்கோடு. கோட்டுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு கொடிக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி.

பாய்டு டேப்பை எடுத்து இரண்டு கோட்டுக்கும் நடுவே பிடித்தான். "முப்பது அங்குலம்," என்றான். "எவ்வளவு ஆழத்துல கெடச்சிது?"

"ரெண்டு அங்குலம்," என்றாள் ஒருத்தி.

"எனக்கும் ரெண்டுதான்."

மார்வ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "யோவ், இது பொதச்சது இல்லய்யா. வெதச்சது! மனுஷன் மக்காச்சோளம் போடற அளவுல வெள்ளியப் போட்டிருக்காரு! ஆர்லின், தண்ணி பாச்சினீங்களா? களை எடுத்தீங்களா?"

ஆர்லினின் முகத்தில் ஈயாடவில்லை. ஐம்பது வருஷம் விதைத்த கை. கோணலாக வைக்க அதற்குத் தெரியவே தெரியாது. வருஷத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் இதை யோசிக்கவே இல்லை. வெட்கத்தில் காதுமடல் வரைக்கும் எரிந்தது.

பாய்டு சிரிக்கவில்லை. "எங்களக் கேலி பண்றீங்களா, மிஸ்டர் சீமெக்?"

"கேலியா? ஐயையோ, இல்ல. நீங்க இவ்வளவு தூரம் வந்துட்டு... வெறுங்கையோட போகக் கூடாதேன்னு..." வேறு எதையும் பதினொரு பேர் முன்னால் சொல்கிற மனுஷன் இல்லை அவர்.

பாய்டு அவரைப் பார்த்தான், கோபம் இறங்கிவிட்டது. நல்லவன்தான். அதுதான் கஷ்டமே. தொப்பியைக் கழற்றி நீட்டினான். "எல்லாரும் போடுங்க. இது அவரு காசு, நாம வெச்சுக்கக் கூடாது." மார்வ் தன்னுடைய மூன்றையும் முனகிக்கொண்டே போட்டான். தொப்பி ஆர்லினின் கைக்கு வந்தது. கனமாக இருந்தது. "ரொம்ப நன்றிங்க. மனசு பெரிய மனசு. ஆனா இந்த எடத்துல வேற ஒண்ணும் இல்ல. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

தொந்தரவு பண்ண மாட்டார்களாம்! ஆர்லின் தொப்பியைப் பிடித்தபடி நின்றார். இனி வீடு, ரேடியோ, ஞாயிற்றுக்கிழமை போன்.

"இருபத்துநாலு இருக்கு," என்றான் பாய்டு. "எல்லாம் வந்துருச்சுல்ல? மொத்தம் எத்தன போட்டீங்க?"

"முப்பத்திரெண்டு," என்றார் ஆர்லின்.

எங்கிருந்து அந்த எண் வந்தது என்று அவருக்கே தெரியாது. வாழ்க்கையில் நெல்லிக்காய் அளவுகூடப் பொய் சொல்லிப் பழகாத வாய்.

"இன்னும் எட்டா? எங்க?"

"அதான்... ஞாபகம் வரல. வயசாச்சில்ல. இங்கதான் எங்கயாச்சும்."

பாய்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் காலுக்கடியில எட்டு வெள்ளிக் காசா! கெழவரு சொத்த மண்ணுல விட்டுட்டுப் போறதா? மாட்டுங்கய்யா ஹெட்போன!"

மாட்டினார்கள். சாயங்காலம் ஐந்து மணி வரை, கிணற்றைச் சுற்றி, புதரைச் சுற்றி, அடித்தளக் கல் ஓரமெல்லாம் துழாவினார்கள். ஆர்லின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பதினொரு முதுகுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு பொய்யால் பிடித்து வைத்த முதுகுகள். கூனிக் குறுகிப் போனார். ஆனாலும் வாயைத் திறந்து 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை.

"அடுத்த சனிக்கெழம வரோம்," என்று பாய்டு வண்டியில் ஏறும்போது சொன்னான். "கருவியில பெரிய தட்டு மாட்டிட்டு வரேன், ஆழத்துல கெடந்தாலும் சத்தம் குடுக்கும். எட்டையும் எடுக்காம நான் விட மாட்டேன்."

"வாங்க, வாங்க," என்றார் ஆர்லின். "சாப்பிடாம வாங்க."

"சாண்ட்விச் கொண்டாருவோம், நீங்க கவலப்படாதீங்க!"

ஆறு வண்டிகள் போயின. ட்வைலா மட்டும் கிளம்பவில்லை. முற்றத்துத் தண்ணீர்ப் பம்பில் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, கொண்டுவந்து கொடுத்தாள்.

"நல்லா இருந்துச்சு."

"இன்னும் பானை நெறைய இருக்கு."

அவள் கிழக்கே பழைய மனையைப் பார்த்தாள். "எங்கப்பாவும் சோளம் போட்டவருதான். ஆத்துக்கு வடக்கால. வெதைக்கிற மெஷின்ல ஒரு கொழா அடச்சிக்கிச்சுன்னா, பயிரு மொளச்சதும் சால்ல சந்து விழும். பல்லு போன மாதிரி. அவரு வருஷம் பூரா அதையே சொல்லிப் பொலம்புவாரு." அவர் பக்கம் திரும்பினாள். "உங்க சால்ல சந்தே இல்ல, ஆர்லின்."

ஆர்லின் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நேரா சால் போட்ட ஆளுக்கு மீதி எட்ட எங்க போட்டோம்னு மறந்துடுமா? பாய்டு கம்பத்துல ஏறுறவன், நம்பிட்டான்."

"இருபத்துநாலுதான்," என்றார் ஆர்லின். சொன்னதும் கண் கலங்கிவிட்டது. எழுபத்துநாலு வயதில், யாரென்றே தெரியாத ஒரு பெண்பிள்ளை முன்னால். "அவங்ககிட்ட சொல்லிடுவீங்களா?"

அவள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "பன்னெண்டு கிண்ணம் வெச்சிருந்தீங்க. இதுக்கு எதுக்கு இத்தன பாடு? காசப் பொதச்சு, பொய்யச் சொல்லி... போன்ல ஒரு வார்த்த, 'வாங்க, வந்து சாப்பிட்டுப் போங்க'ன்னு கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருப்போம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இந்த மாதிரிப் பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும். அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

"மாட்டோம்," என்றாள்.

ஆர்லின் தலையசைத்தார். அவள் போய் வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, இன்ஜினைக் கிளப்பினாள். கொஞ்ச தூரம் போன வண்டி நின்று, கண்ணாடி இறங்கியது.

"சனிக்கெழம பாய்டு மறுபடியும் கேட்டான்னா," என்று தலையை வெளியே நீட்டிச் சொன்னாள், "முப்பத்திரெண்டுன்னே சொல்லுங்க."